யாழ் மீட்ட அடிகளார்

சென்ற ஆண்டு நம் துறையில் சிறுபாணாற்றுப்படைப் பாடம் நடந்துகொண்டிருந்த ஒரு நாள், யாழின் ஓசை எப்படி இருக்கும் என்று மாணவி ஒருவர் வினவினார். நாம் விடை சொல்லத் தொடங்குமுன் பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் யாழோசை ஒன்றைத் தேடி எடுத்து ஒலிக்கச் செய்துவிட்டார். அண்மை ஆண்டுகளில் சென்னையில் இளைஞர் ஒருவர் முயன்று புதிதாகச் செய்த யாழின் ஓசை அது. வகுப்பு முழுவதும் அமைதியாகக் கேட்டது. கேட்பதற்கு இனிமையாகவே இருந்தது. ஓசை நின்றதும் அம்மாணவி மீண்டும் ஒரு வினா எழுப்பினார். பழம் பாணர் மீட்டிய யாழும் இப்படித்தான் ஒலித்ததா என்பது அவர் வினா. அதற்கு விடை கூற நம்மால் இயலவில்லை.

பத்தர், கோடு, திவவு, ஆணி, நரம்பு என யாழின் உறுப்புகளை ஆற்றுப்படை நூல்கள் உவமைகளோடு விளக்குகின்றன. தேர்வில் வினா வந்தால் நம் மாணவர்கள் அவற்றை வரிசையாக எழுதிவிடுவர். கருவியின் பெயரும் வடிவும் புகழும் ஏட்டில் எஞ்சியுள்ளன. அதனை மீட்டத் தெரிந்த விரல்களும் மீட்டக் கற்பித்த ஆசிரியரும் மறைந்து பல நூற்றாண்டுகள் ஆயின. இந்த இழப்பை உணர்ந்து, இழந்ததை மீட்க ஏறத்தாழ 14 ஆண்டுகள் உழைத்த பெருமகனார் சுவாமி விபுலாநந்த அடிகளார். வீணை, நாகசுரம் முதலிய கருவிகளைக் கற்க முன்வருவோர் அருகிவரும் இம் மின்னணுக் காலத்தில் அவர்தம் வாழ்வை நினைத்துப் பார்ப்பது நமக்குப் பயன்தரும் என்று கருதுகிறோம்.

பிறந்த மண்

இலங்கையின் கீழைக் கடற்கரையில் சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே காரைதீவு என்னும் ஊர் உள்ளது. அதன் இருபுறத்து ஊர்களும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழ்பவை. அந்நாளில் மட்டக்களப்பு மாவட்டத்தில் அடங்கியிருந்த அவ்வூர் இந்நாளில் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கு 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாக அடிகளார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன்.

காரைதீவில் கண்ணகி அம்மன் கோயில் உண்டு. சிலம்பின் கதை அப்பகுதி மக்களுக்கு ஏட்டுக் கதை அன்று. ஆண்டுதோறும் கண்ணகி வழக்குரை பாடப்பெறும் மண் அது. அடிகளார் பிறந்த அதே 1892ஆம் ஆண்டில்தான் தமிழ்நாட்டில் உ.வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அரும்பதவுரையோடும் அடியார்க்குநல்லார் உரையோடும் பதிப்பித்து வெளியிட்டார். ஒரு குழந்தையும் ஒரு நூலும் ஒரே ஆண்டில் உலகிற்கு வந்தன. அக்குழந்தை வளர்ந்து முதியவனாகி, அந்நூலின் ஒரு காதைக்குப் பொருள் காண்பதிலேயே வாழ்நாளின் இறுதிப் பகுதியைச் செலவிடும் என்று அன்று யார் அறிந்திருப்பர்?

இரு கல்விகள்

மயில்வாகனனார் கல்முனையிலும் மட்டக்களப்பிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் கணிதத்திலும் அறிவியலிலும் அவர் சிறந்து விளங்கினார். பின்னர்க் கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். அறிவியலில் பட்டயமும் பெற்றார். இவற்றோடு தமிழ் இலக்கண இலக்கியங்களையும் முறையாகக் கற்று, 1916ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்வில் தேறினார். இலங்கையிலிருந்து அத்தேர்வில் தேறியவர்களுள் அவரே முதல்வர் என்பர்.

யாழ்ப்பாணத்தில் அவர் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றினார். யாழ் வல்ல பாணன் ஒருவன் பரிசிலாகப் பெற்ற நிலம் என்று கதை வழங்கும் ஊர் அது. பெயரில் யாழ் இருந்தும் யாழ் மீட்டுவோர் எவரும் இல்லாத அவ்வூரில் அவர் அறிவியல் கற்பித்தார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டத்தையும் அக்காலத்திலேயே பெற்றார். 1920ஆம் ஆண்டில் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் தலைமை ஏற்றார்.

இந்த இருவகைக் கல்வியையும் நாம் மனத்திற்கொள்ள வேண்டும். தமிழ்ப் புலவர்களுள் பலருக்குச் சிலம்பின் இசைப் பகுதிகள் விளங்காதிருந்தமைக்கு ஒரு காரணம், அங்கே கணக்கு மிகுதி. அறிவியலார் பலருக்கோ அந்நூலின் உரைநடை எட்டாதது. ஒரு கையில் பண்டிதர் பட்டமும் மறுகையில் அறிவியல் பட்டமும் ஏந்திய ஒருவருக்கே இரு கதவுகளும் திறந்தன.

துறவும் தொண்டும்

1922ஆம் ஆண்டில் அவர் பதவியை விட்டுச் சென்னை மயிலாப்பூர் இராமகிருட்டிண மடத்தைச் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் என்னும் பெயர் பெற்றார். மடத்தின் தமிழ் இதழுக்கும் ஆங்கில இதழுக்கும் ஆசிரியராக விளங்கினார். மீண்டும் இலங்கை சென்று கீழை மாகாணத்துப் பள்ளிகளை வளர்த்தார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார்.

1931ஆம் ஆண்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர் பொறுப்பை ஏற்றார். காவியுடை அணிந்த பேராசிரியர் சிதம்பரத்து மாணவர்க்கு இலக்கியமும் இசைத்தமிழும் உணர்த்தினார். 1933இல் அப்பணியிலிருந்து விலகினார். தமிழில் அறிவியல் கற்பிக்கக் கலைச்சொற்கள் வேண்டும் என்று உழைத்தோருள் அவர் முன்னணியில் நின்றார். 1939 முதல் 1941 வரை இமயமலைச் சாரலில் மாயாவதி ஆசிரமத்தில் தங்கி ஆங்கில இதழ்ப்பணி செய்தார். 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் ஆனார். இப்படிச் சிதம்பரம், மட்டக்களப்பு, இமயம், கொழும்பு எனப் பணி அவரை எங்கெங்கோ அழைத்துச் சென்றது. சென்ற இடமெல்லாம் அவருடன் சென்றது யாழைப் பற்றிய ஆராய்ச்சி.

யாழைத் தேடிய ஆண்டுகள்

அவர் தேடலுக்கு வாயிலாக அமைந்தது சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை. மாதவியின் அரங்கேற்றத்தைக் கூறவந்த இளங்கோவடிகள், அதற்கு முன்பாக அவளைப் பயிற்றிய ஆசிரியர்களின் தகுதியைக் கூறுகின்றார். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என ஒவ்வொருவரும் என்னென்ன அறிந்திருத்தல் வேண்டும் என்று அக்காதை விரிக்கின்றது. மாதவி ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள் என்றும் அது சொல்கின்றது. யாழாசிரியன் அமைதி கூறும் அடிகளில் நரம்புகளை நிறுத்தும் முறையும் பாலைகள் பிறக்கும் முறையும் சுருக்கமாக அடங்கியுள்ளன.

அவ்வடிகளுக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார் காலத்திலேயே பழைய இசைத்தமிழ் நூல்கள் பல மறைந்துவிட்டன. அவ்வுரையாசிரியரே அதனைப் பதிவு செய்துள்ளார். ஆகவே உரை ஓரளவுக்கு மேல் துணைசெய்யவில்லை. 1917ஆம் ஆண்டில் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டுப் பழந்தமிழ் இசையாராய்ச்சிக்கு வழி திறந்திருந்தார். அத்துறையில் அடிகளார் தமக்கெனத் தனிவழி கண்டார்.

அவ்வழியின் தன்மையை எளிமையாகச் சொல்லலாம். இறுக்கிக் கட்டிய ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாகக் குறைத்தால் ஓசை மேல்நிலைக் குரலாக உயர்கின்றது. மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் இளி பிறக்கின்றது. இளி என்பது இக்காலத்துப் பஞ்சமம். குரல் முதல் தாரம் வரையுள்ள ஏழிசையும் இத்தகைய எண் விகிதங்களால் கட்டுண்டவை. ஏழிசையுள் குரலாகக் கொள்ளும் நரம்பை மாற்றினால் வெவ்வேறு பாலைகள் தோன்றும். செம்பாலை, படுமலைப்பாலை, செவ்வழிப்பாலை, அரும்பாலை, கோடிப்பாலை, விளரிப்பாலை, மேற்செம்பாலை என்பன அவை. சிலம்பின் அடிகள் குறிப்பாகச் சொன்ன இம்முறையை அடிகளார் கணக்கிட்டு நிறுவினார். உவமையாலும் சொல்லாலும் நின்ற செய்திகளுக்கு எண்ணால் உருவம் கொடுத்தார்.

கருவியின் வடிவங்களையும் அவர் ஆராய்ந்தார். குமிழின் உட்துளையுடைய கொம்பை வளைத்து மரல் நாரை நரம்பாகக் கட்டி ஆயன் மீட்டிய வில்யாழைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. அத்தகைய எளிய வில்லிலிருந்து பேரியாழ், மகரயாழ், சகோடயாழ், செங்கோட்டியாழ் ஆகியவை எவ்வாறு வளர்ந்தன என்பதை விளக்கினார். நிறைவாக எழுந்ததே யாழ்நூல். பாயிரவியல், யாழுறுப்பியல், இசைநரம்பியல், பாலைத்திரிபியல், பண்ணியல், தேவாரவியல், ஒழிபியல் என ஏழு இயல்களைக் கொண்டது அது. உடல்நலம் குன்றியிருந்த நிலையிலும் புதுக்கோட்டையில் தங்கி அந்நூலை நிறைவு செய்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட முன்வந்தது.

திருக்கொள்ளம்பூதூரில் இரு நாள்கள்

1947ஆம் ஆண்டு சூன் திங்கள் 5, 6 ஆகிய நாள்களில் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் யாழ்நூல் அரங்கேறியது. புலவர்களும் இசைவாணர்களும் திரண்டனர். அடிகளார் வகுத்த அளவுகளின்படி செய்யப்பெற்ற யாழ்க் கருவிகள் ஊர்வலத்தில் எடுத்துவரப்பட்டன. பல நூற்றாண்டுகள் ஏட்டுக்குள் உறங்கிய கருவி அன்று மக்கள் கண்முன் நின்றது.

அவ்யாழை அவையில் மீட்டியவர் வீணை வித்துவான் க.பொ. சிவானந்தம் பிள்ளை. தஞ்சை நால்வர் மரபில் வந்த பெருங்கலைஞர் அவர். இச்செய்தியைப் படிக்கும்போது நம் உள்ளம் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. யாழை மீட்ட ஒரு வீணைக் கலைஞரையே அழைக்க வேண்டியிருந்தது. ஏனெனில் யாழ்க் கலைஞர் என்று சொல்ல எவரும் இல்லை. நரம்பின் நீளத்தைக் கணக்கால் மீட்க முடிந்தது. தச்சரைக் கொண்டு மரத்தில் வடிவத்தையும் மீட்க முடிந்தது. எந்த விரலை எந்த நரம்பில் எவ்வளவு அழுத்தி எடுப்பது, எந்தப் பண்ணில் எங்கே நின்று எங்கே நகர்வது என்று ஆசிரியர் மாணவர்க்குக் கைபிடித்துக் காட்டிய அந்த அறிவை எந்த நூலிலிருந்தும் மீட்க இயலவில்லை. அரங்கேற்று காதை பெயர் சொல்லிப் போற்றிய யாழாசிரியன் அந்த அவையில் இல்லை.

அரங்கேற்றம் முடிந்து ஆறு வாரங்களே ஆன நிலையில், 1947ஆம் ஆண்டு சூலை 19ஆம் நாள், கொழும்பில் அடிகளார் இயற்கை எய்தினார். அப்போது அவருக்கு அகவை 55. அவரது உடல் கல்லடி உப்போடையில் அவர் தொடங்கிய சிவானந்த வித்தியாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பெற்றது. மட்டக்களப்பில் அவர் பெயரால் அமைந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இன்று இசையும் நடனமும் கற்பிக்கின்றது. யாழ்நூலின் இரண்டாம் பதிப்பு வெளிவர 1974ஆம் ஆண்டு வரை தமிழகம் காத்திருந்தது.

யாழ் ஏன் மறைந்தது

யாழ் மறைந்தமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் இரண்டு நம் காலத்திற்கு நெருக்கமானவை.

முதலாவது, கருவியின் இயல்பு. யாழில் ஒரு நரம்பு ஓர் ஓசையையே தரும். பண் மாறினால் நரம்புகளைத் திருத்தியமைக்க வேண்டும். வீணையிலோ ஒரே தந்தியை மெட்டுகளின்மேல் அழுத்திப் பல ஓசைகளை எழுப்பலாம். தந்தியை இழுத்தும் அசைத்தும் கமகங்களைக் காட்டலாம். ஆற்றல் மிகுந்த புதிய கருவி வந்தபோது பழையது பின்னடைந்தது. இதில் குறை கூற ஒன்றுமில்லை. கருவிகள் மாறுவது இசையின் வளர்ச்சிக்கு இயல்பு.

இரண்டாவது காரணம் வருந்தத்தக்கது. யாழைக் காத்தவர் பாணர். சங்க காலத்து மன்னரும் வள்ளல்களும் அவர்களைப் போற்றினர். பொற்றாமரையும் தேரும் பரிசிலாக அளித்தனர். பிற்காலத்தில் அக்குடியினர் ஆதரவு இழந்தனர். சமூகத்தில் அவர்தம் நிலையும் தாழ்ந்தது. கலையால் வயிறு நிறையாதபோது தந்தை மகனுக்குக் கலையைக் கற்பிப்பதில்லை. ஒரு தலைமுறை கற்பிக்காமல் விட்டால் அடுத்த தலைமுறைக்குக் கற்க ஆசிரியர் இல்லை. எந்தப் பகையும் இன்றி, எந்த ஆணையும் இன்றி, ஒரு கருவி இவ்வாறு அமைதியாக மறைந்துவிடுகின்றது.

மின்னணுக் காலம்

நம் காலத்திலும் இவ்விரு காரணங்களும் ஒருங்கே வந்து நிற்கின்றன. மின்னணுச் சுருதிப் பெட்டி வந்தபின் தம்புராவுக்குச் சுருதி கூட்டத் தெரிந்தோர் அருகிவிட்டனர். விசைப்பலகை ஒன்றில் விரல் வைத்தால் வீணையும் குழலும் நாகசுரமும் போன்ற ஒலிகள் பிறக்கின்றன. கோயில்களில் பூசை வேளையில் முரசையும் மணியையும் மின்விசையால் ஒலிக்கும் எந்திரம் முழங்குகின்றது. திருமண மண்டபங்களில் மங்கல இசை ஒலிப்பதிவிலிருந்து வருகின்றது. நம் சமுதாயத்திலும் இதே நிலைதான். இரமலான் இரவுகளில் தாயிரா கொட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாய் வந்து சஹருக்கு எழுப்பிய பக்கீர்களை நம் பெரியவர்கள் நன்கு அறிவர். அப்பணியை இன்று ஒலிபெருக்கியும் கைப்பேசி மணியும் செய்துவிடுகின்றன. தாயிராவைக் கையில் ஏந்தும் இளைஞர்கள் மிகச் சிலரே.

எந்திரத்தைப் பழிப்பது நம் நோக்கம் அன்று. அடிகளாரே அறிவியல் ஆசிரியர். நரம்பின் ஓசையை எண்ணால் அளந்தவர். ஓசையைப் பிழையின்றி அளந்து தரும் கருவியை அவர் வெறுத்திருப்பார் என்று எண்ண இடமில்லை. ஆயினும் ஒன்றை மறத்தல் ஆகாது. தம்புராவுக்குச் சுருதி கூட்டுவது வெறும் ஆயத்த வேலை அன்று. தந்தியை முறுக்கி, கேட்டு, தளர்த்தி, மீண்டும் கேட்டு, இரண்டு ஓசைகளும் ஒன்றோடொன்று இணையும் இடத்தைக் காது கண்டுகொள்ளும் பயிற்சி அது. அந்தப் பயிற்சியே இசைக்கல்வியின் முதற்படி. எந்திரம் அப்படியைத் தானே ஏறிவிடுகின்றது. மாணவர் அடியிலேயே நின்றுவிடுகின்றார்.

பதிவில் கேட்பதும் அத்தகையதே. இன்று நாம் விரும்பிய வித்துவானின் வாசிப்பை விரும்பிய நேரத்தில் கேட்கலாம். முன்னோர்க்குக் கிட்டாத பேறு இது. எனினும் கேள்வி ஆர்வத்தைத் தரும். கைத்திறனைத் தருவதற்கு ஆசிரியர் வேண்டும். இதற்குச் சான்றாக ஷேக் சின்ன மௌலானா சாகிபின் வாழ்வைச் சொல்லலாம். 1924ஆம் ஆண்டில் ஆந்திரத்துக் கரவடி என்னும் ஊரில் நாகசுரக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் உள்ளத்தைப் பறிகொடுத்தார். அவ்வாசிப்பைக் கேட்டு மகிழ்வதோடு அவர் நின்றுவிடவில்லை. தஞ்சாவூர்ப் பாணியை முறையாகக் கற்க வேண்டும் என்று நாச்சியார்கோயில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களைத் தேடிவந்து மாணவராய் அமர்ந்தார். பின்னர்த் திருவரங்கத்தில் குடியேறினார். தாம் கற்றதைப் பிறர்க்குக் கற்பிக்க அங்கே நாகசுரப் பள்ளியும் நிறுவினார். 1998இல் சங்கீத கலாநிதி விருது பெற்று 1999இல் மறைந்தார். மொழியும் மாநிலமும் கடந்து ஆசிரியரைத் தேடிச் சென்ற அக்கால்களே அவரை உயர்த்தின.

யாரைக் குறைகூறுவது

நம் மாணவர்களுள் ஒருவர் நாகசுரக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் தாத்தா வாசித்த கருவி உறையிட்டு வைக்கப்பட்டுள்ளது. அவர் அதனை ஊதிப் பார்த்ததும் இல்லை. ஏன் என்று கேட்டோம். தந்தையே வேண்டாம் என்று தடுத்துவிட்டாராம். முகூர்த்த மாதங்களில் மட்டும் வருமானம், மற்ற மாதங்களில் கடன். பந்தலின் ஓரத்தில் இருக்கை, கடைசிப் பந்தியில் உணவு. தாம் பட்ட துன்பம் மகனுக்கு வேண்டாம் என்று அத்தந்தை கருதியதை யார் பிழை என்பது? கல்வி கற்று மாதச் சம்பளம் பெறும் பணிக்கு அவர் செல்ல விரும்புவது நேர்மையான விருப்பம். பாணர் குடிக்கு நேர்ந்த கதையே இங்கு மீண்டும் நிகழ்கின்றது.

ஆகவே, மரபுவழிக் குடும்பங்களைப் பார்த்து, உங்கள் பிள்ளைகளைக் கருவியோடு கட்டிப்போடுங்கள் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை. கலையின் இனிமை எல்லோருக்கும் உரியதென்றால் அதனைக் காக்கும் சுமையும் எல்லோருக்கும் உரியது. ஒரு குலத்தின் தோளில் இதுவரை வைத்திருந்த சுமையைக் கல்வி நிறுவனங்களும் பொதுமக்களும் இனிப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

அரசு தன் பங்கைச் செய்யாமல் இல்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன. தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆச்சா மரத்தில் கடையப்பெறும் நரசிங்கம்பேட்டை நாகசுரத்திற்கும் 2022ஆம் ஆண்டில் அக்குறியீடு கிடைத்தது. இவை மகிழ்ச்சிக்குரியவை. ஆயினும் குறியீடு கருவியைச் செய்யும் ஊரின் பெயரைக் காக்கும். அக்கருவியை வாங்கிக் கற்பதற்கு ஒரு மாணவர் வேண்டும். திருக்கொள்ளம்பூதூரில் யாழ்கள் இருந்தன. யாழ் கற்றவர் இல்லை. அந்நிலை நாகசுரத்திற்கு வர நாம் விடலாமா?

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்களை நாம் இங்கு வகுக்கவில்லை. நம் கைக்கு எட்டிய சிலவற்றை மட்டும் சொல்கிறோம். நம் ஊரிலும் அண்மை ஊர்களிலும் முதிய கலைஞர்கள் இருக்கிறார்கள். ஆற்றுப்படை நூல்களும் அரங்கேற்று காதையும் பாடமாக நடக்கும் பருவத்தில் அவர்களுள் ஒருவரை வகுப்புக்கு அழைத்து, உரிய மதிப்பூதியம் தந்து, கருவியைச் சுருதி கூட்டிக் காட்டச் செய்யலாம். கைப்பேசி வைத்திருக்கும் மாணவர்கள் அவர்களின் வாசிப்பைப் பதிவுசெய்யலாம். அவ்வாறு பதிவுசெய்யும்போது விரல் நகரும் முறையையும், சீவாளியைப் பதப்படுத்தும் முறையையும், கற்பித்த ஆசிரியரின் பெயரையும் சேர்த்துப் பதிவுசெய்தல் வேண்டும். பழைய யாழைப் பற்றி நமக்குக் கிடைக்காதவை இவையே. ஆர்வமுள்ள மாணவர் இருவரோ மூவரோ முன்வந்தால், மாலை வேளையில் அவர்களுக்குக் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்தும் செலவு ஒரு விழாப் பந்தலின் செலவை விட மிகாது.

சமுதாயப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் இல்லத்து மகிழ்வுகளிலும் ஊர் விழாக்களிலும் ஒலிப்பதிவுக்குப் பதிலாக ஒரு கலைஞரை அழையுங்கள். அவருக்கு நடுவில் இருக்கையும் முதற் பந்தியில் உணவும் அளியுங்கள். தாயிரா கொட்டும் பக்கீர் உங்கள் தெருவுக்கு வந்தால் ஒரு நிகழ்ச்சியில் அவரைப் பாடச் செய்து, இளைஞர்களைக் கேட்கச் செய்யுங்கள். தம் கலைக்கு மதிப்பு உண்டு என்று கண்ட தந்தை, உறையிட்ட கருவியைத் தாமே வெளியில் எடுப்பார்.

யாழ் மறைந்தபோது அதனைத் தேடி அலைய விபுலாநந்த அடிகளார் போன்ற ஒருவர் பல நூற்றாண்டுகள் கழித்துத் தோன்றினார். கணிதமும் தமிழும் துறவும் ஒருங்கே வாய்த்த அவர்தம் வாழ்வின் 14 ஆண்டுகளை அத்தேடல் எடுத்துக்கொண்டது. அத்தனை உழைப்புக்குப் பின்னும் நம் மாணவியின் இரண்டாம் வினாவுக்கு விடை கிட்டவில்லை. வீணைக்கும் நாகசுரத்திற்கும் தாயிராவுக்கும் கற்பிக்க வல்லோர் இன்று நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களைத் தேடி நாம் இமயம் செல்ல வேண்டியதில்லை. அடுத்த தெருவுக்குச் சென்றால் போதும். அவர்கள் இருக்கும்போதே சென்று கற்போமாயின், பின்வரும் தலைமுறையின் மாணவி ஒருவர் நாகசுரத்தின் ஓசை எப்படி இருக்கும் என்று கேட்கும்போது, அதனை வாசித்துக் காட்ட அவ்வகுப்பிலேயே ஒருவர் இருப்பார்.